தேய்ந்த ஊசி

மோப்பக்காரர் அந்த வீட்டு வாசலில் பைக்கை நிறுத்தியபோது பகல் பதினொரு மணிதான். ஆனால் வானம் மூடிக்கொண்டு, சாயங்காலம் போல இருட்டிக் கிடந்தது. வாசல் மரத்தில் ஒரு இலைகூட அசையவில்லை.

பெற்றவர்கள் அவருக்கு வைத்த பெயர் வேறு. ஒரு கார் தெருமுனையில் திரும்பும்போதே, அதில் பெட்ரோல் கூடுதலாக எரிகிறதா குறைவாக எரிகிறதா என்று மூக்கை வைத்தே சொல்லிவிடுவார் என்பதால் வந்த பெயர் இது. "அந்த மூக்கைக் கழட்டி டூல் பாக்ஸ்ல வெச்சுட்டு சாப்பிட வாங்க" என்று அவர் மனைவி நாளுக்கு ஒரு தடவையாவது சொல்வாள். முப்பத்தைந்து வருடத்தில் அவர் திறந்து மூடாத கார்ப்பரேட்டர் அந்த வட்டாரத்தில் இருக்க வாய்ப்பில்லை.

கதவைத் திறந்த அம்மாளுக்கு அறுபது வயதிருக்கும். நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். டயர் கடைக்காரர் 'லைப்ரரி அம்மா' என்றுதான் விலாசம் சொல்லி அனுப்பியிருந்தார். வீடு பாதி காலியாகி இருந்தது. கூடத்தில் அட்டைப் பெட்டிகள் வரிசையாக நின்றன, ஒவ்வொன்றிலும் உள்ளே என்ன இருக்கிறது என்று முத்து முத்தான கையெழுத்தில் சீட்டு ஒட்டியிருந்தது. படங்கள் மாட்டியிருந்த இடத்தில் சுவர் மட்டும் சதுரம் சதுரமாக வெளுத்துத் தெரிந்தது.

"வீட்டை இடிக்கப் போறாங்க. நாளைக்குக் காலையில பழைய இரும்பு எடுக்கறவங்க லாரி கொண்டு வந்து காரையும் தூக்கிட்டுப் போயிடுவாங்க" என்றார் லைப்ரரி அம்மா. "அதுக்குள்ள ஒரே ஒரு தடவை அது ஓடணும்."

"எது வரைக்கும்மா?"

"ஆஸ்பத்திரி வரைக்கும்."

"யாருக்கு உடம்பு சரியில்ல?"

"வீட்டுக்காரருக்கு. மூச்சுத் திணறல்."

மோப்பக்காரர் கூடத்துக்குப் பின்னாலிருந்த அறையை எட்டிப் பார்த்தார். கதவு சாத்தியிருந்தது. "ஒரு டாக்ஸியைக் கூப்பிட்டா பத்து நிமிஷத்துல போயிடலாமேம்மா."

"அவர் இந்த வண்டியை விட்டு இறங்க மாட்டேங்கறார்."

மோப்பக்காரர் சிரித்துவிட்டார். இப்படிப்பட்ட பிடிவாதக்காரர்கள்தானே அவருக்குச் சோறு போடுகிறவர்கள். "சில பேருக்கு அப்படித்தாம்மா. பெண்டாட்டி கோவிச்சுக்கிட்டா பரவாயில்லை, வண்டி கோவிச்சுக்கக் கூடாது."

லைப்ரரி அம்மா சிரிக்கவில்லை. சாவியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். நடக்கும்போது வலது காலை லேசாக இழுத்து இழுத்து வைத்தார்.

வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஷெட். ஒரு கதவைத் திறந்தபோது இன்னொன்று தானாகவே முனகியது. உள்ளே நாலு கதவுள்ள பச்சை நிற பழைய கார் ஒன்று நின்றது. மோப்பக்காரரின் மூக்குக்கு முதலில் எட்டியது பெட்ரோல். பழசாகி வார்னிஷ் நாற்றம் அடிக்கிற பெட்ரோல் அல்ல, இப்போதுதான் கொட்டியது போல் புது வாசனை. அதற்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. நாள்பட்ட நோயாளி படுத்திருக்கும் அறையின் வாசனை. வியர்வை, களிம்பு, காயாத போர்வை.

ஷெட்டில் கட்டில் எதுவும் இல்லை.

"டயர் புதுசு. பிரேக் போன வாரம் சரி பண்ணியாச்சு. டாங்கைக் கழுவி பெட்ரோலும் ஊத்தியாச்சு. ரெண்டு பேர் வந்து பார்த்தாங்க" என்றார் லைப்ரரி அம்மா. "கார்ப்பரேட்டரைத் தொடறதுக்குள்ள கிளம்பிப் போயிட்டாங்க."

முன் சக்கரத்தின் பக்கத்தில் ஒரு ஸ்பேனர் செட் விரித்தபடியே கிடந்தது. நல்ல சாமான்கள். தொழில் தெரிந்த எவனும் விட்டுவிட்டுப் போக மாட்டான்.

"இது யாரோடது?"

"ரெண்டாவதா வந்தவரோடது. அப்புறமா வந்து எடுத்துக்கறேன்னார். வரலை."

கார் பின்பக்கமாக இடதுபுறம் சாய்ந்து நின்றது. ஸ்பிரிங் பட்டை உடைந்திருக்கும் என்று குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தார். ஸ்பிரிங் பட்டைகள் எல்லாம் முழுசாக இருந்தன. வளைந்து மட்டும் இருந்தன. பின் சீட்டில் ஒரு ஆள் கனத்து உட்கார்ந்தால் எப்படி வளையுமோ, அப்படி.

சரி, நமக்கு வந்த வேலை முன்னால்தானே என்று பானட்டைத் தூக்கினார்.

தான் கொண்டுவந்த பேட்டரியை மாட்டினார். பெட்ரோல் பம்பின் கை நெம்புகோலை நாலு தடவை அழுத்தினார். ஐந்தாவது தடவை அழுத்துவதற்குள் கார்ப்பரேட்டரின் பக்கவாட்டில் ஈரம் மின்னியது. ஒரு சொட்டு திரண்டது. விழுந்தது. பின்னால் இன்னொன்று. பிறகு நூல் பிடித்த மாதிரி பெட்ரோல் ஓடி, கீழே சிமென்ட் தரையில் சொட்டத் தொடங்கியது.

ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றினார். நாலும் கறுத்து, நனைந்து, பெட்ரோல் சொட்டச் சொட்ட வந்தன.

"இஞ்சின் மூழ்கியிருக்கும்மா" என்றார். "கார்ப்பரேட்டருக்குள்ள ஒரு சின்னத் தொட்டி இருக்கு. அதுல ஒரு மிதவை. பெட்ரோல் நிறைஞ்சா மிதவை எழும்பி, ஒரு ஊசியைத் தள்ளி வழியை அடைச்சிரும். அந்த ஊசி சரியா அடைக்கலைன்னா உள்ள வந்துக்கிட்டே இருக்கும். இஞ்சினுக்குக் காத்து கிடைக்காம மூச்சு முட்டிரும்."

"தெரியும்" என்றார் லைப்ரரி அம்மா கதவோரத்தில் நின்றபடி. "மிதிக்க மிதிக்க இன்னும் நிறையும்."

வெளியே மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் ஆயிரம் விரல்கள் தட்டின. அந்தச் சத்தத்துக்கு நடுவே மோப்பக்காரர் காதில் இன்னொரு சத்தமும் விழுந்தது. பாட்டிலில் அடி மட்டும் தண்ணீர் இருக்கும்போது ஆட்டினால் வருமே, அந்த மாதிரி. கொளக். நிறுத்தம். கொளக். பெட்ரோல் குழாயில் காற்றுப் புகுந்திருக்கும் என்று நினைத்துக் குழாயைப் பிடித்துப் பார்த்தார். குழாய் அசையாமல் இருந்தது.

கார்ப்பரேட்டரின் மேல் மூடியில் ஆறு திருகுகள். ஆறையும் கழற்றி மூடியைத் தூக்கினார். கசியாமல் இருக்க மூடிக்கு அடியில் வைக்கும் பேக்கிங் பாதி கிழிந்து வந்தது. டார்ச்சை அருகில் கொண்டுபோனவர் அப்படியே நின்றுவிட்டார்.

பேக்கிங் நீல நிற ஃபைல் அட்டையில் வெட்டியது. மூலையில், எந்தப் பக்கம் மேலே வரவேண்டும் என்பதற்காகக் கத்தரித்த ஒரு சின்ன முக்கோண வெட்டு. நீல அட்டையில் பேக்கிங் வெட்டி, மூலையில் முக்கோணம் போடுகிற மெக்கானிக் ஒருவர்தான். அது மோப்பக்காரரேதான்.

மிதவையின் ஆணியை உருவி, ஊசியை எடுத்தார். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். நுனியில் மோதிரம் போட்டது போலத் தேய்மானம். அதன்மேல் உப்புத்தாள் போட்டு இழைத்த கீறல்கள்.

நினைவு வந்துவிட்டது. மூக்குக் கண்ணாடியைச் சட்டைப் பையில் செருகியிருந்த, அதிகம் பேசாத மனிதர். அன்றைக்குப் பட்டறை வாசலில் ஏழெட்டு வண்டிகள் நின்றன. புது ஊசி கைவசம் இல்லை. பழையதையே தேய்த்து, படிய வைத்து, மூடியைப் போட்டு முடுக்கிவிட்டார். 'ரெண்டு நாள் தாங்கும், புதுசு வந்ததும் கூப்பிட்டு மாத்திடுவோம்' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டார். வாய்விட்டுச் சொல்லவில்லை. அந்த மனிதர், "அவசரத்துக்கு நம்பி எடுக்கலாமா?" என்று கேட்டார்.

"தாராளமா எடுங்க சார்" என்று சொன்னது இவர்தான்.

அந்த மனிதர் திரும்பி வரவே இல்லை. வேறு பட்டறைக்குப் போயிருப்பார் என்று இவரும் மறந்துபோனார்.

"இது கடைசியா எப்போம்மா ஓடிச்சு?" என்று கேட்டார்.

"ஓடலை. பதினோரு வருஷம் முன்னாடி, ஒரு விடியக்காலை. திடீர்னு அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பிச்சிருச்சு. முந்தின நாள்தான் வண்டியை ரிப்பேர் பண்ணிட்டு வந்திருந்தார். கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்து பின் சீட்டுல உட்கார வெச்சேன். சாவியைத் திருப்பினா, ரெண்டு இருமல் இருமிட்டு நின்னு போச்சு. மிதிச்சேன். மறுபடியும் மிதிச்சேன். ஒரே பெட்ரோல் நாத்தம். பின்னாடியிருந்து அவர் 'எடு, எடு'ங்கறார். இதோ வந்துரும், இதோ வந்துரும்னு மிதிச்சுக்கிட்டே இருந்தேன். பக்கத்து வீட்டைத் தட்டலாம்னுகூடத் தோணலை." லைப்ரரி அம்மா சொல்லிக்கொண்டே மழையைப் பார்த்தார். "அப்புறம் பின்னாடி சத்தம் நின்னு போச்சு. நுரையீரல் பூரா தண்ணி நிறைஞ்சிருச்சுன்னார் டாக்டர். வந்தவங்க எல்லாரும் என்னைத்தான் சொன்னாங்க. மிதிச்சதுதான் தப்பு, மிதிக்காம இருந்திருந்தா வண்டி கிளம்பியிருக்கும்னு."

மோப்பக்காரர் ஊசியை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டார்.

"அப்போ… ஆஸ்பத்திரிக்குன்னு சொன்னீங்களே. யாருக்கு?"

"அவர் இன்னும் இறங்கலையே" என்றார் லைப்ரரி அம்மா.

கூரையில் மழை வலுத்தது.

இந்த இடத்தில் சாமான்களைப் பொறுக்கிக்கொண்டு ஓடியிருக்கலாம். முன்னால் வந்த இருவரும் அதைத்தான் செய்தார்கள். ஆனால் கையில் இருந்த ஊசி அவரை விடவில்லை. அது வேறு ஒருவர் கையில் கிடைத்தால்? நீல அட்டையை வேறு ஒருவர் பார்த்தால்? முதலில் இரண்டையும் சட்டைப் பைக்குள் போட்டார்.

"உள்ள என்ன இருந்துச்சு?" லைப்ரரி அம்மா ஒரு அடி முன்னால் வந்தார். "அன்னிக்கு ஏன் கிளம்பலைன்னு தெரிஞ்சுதா?"

எத்தனை வருடம் காத்திருந்து கேட்கிற கேள்வி அது என்பது அந்தக் குரலிலேயே தெரிந்தது.

"நின்னு நின்னு ஊசி தேஞ்சு போயிருக்கு" என்றார் மோப்பக்காரர், முகத்தைப் பார்க்காமல். "அன்னிக்கு… நீங்க மிதிச்சதுதாம்மா காரணமா இருக்கும்."

காருக்குள் பின் சீட்டின் ஸ்பிரிங் ஒன்று கிறீச்சிட்டது. யாரோ திரும்பி உட்கார்ந்தது போல.

வேகமாக வேலையை முடித்துவிட வேண்டும் என்று புது ஊசியைப் போட்டார். புது பேக்கிங் வைத்தார். மூடியைத் தலைகீழாகப் பிடித்து, பெட்ரோல் வரும் குழாயில் வாய் வைத்து ஊதிப் பார்த்தார். காற்று இம்மியும் போகவில்லை. பூட்டினார். பம்பை அடித்தார். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். வெளியே ஒரு சொட்டு இல்லை. பிளக்குகளைத் துடைத்து, வைக்கும் முன் செல்ஃப் அடித்து உள்ளே தேங்கியிருந்த பெட்ரோலை வெளியேற்றினார். மாட்டிவிட்டு மறுபடி செல்ஃப் அடித்தார்.

இரண்டு இருமல். நின்றுவிட்டது.

இறங்கி வந்து பிளக்கைக் கழற்றினால், தொப்பலாக நனைந்திருந்தது.

இது நடக்கக் கூடாதது. அடைத்த ஊசியைத் தாண்டி எப்படி வரும்? காற்று வடிகட்டியை எடுத்துவிட்டு, கார்ப்பரேட்டரின் தொண்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார்.

சுருக்கென்று பெட்ரோல் பீச்சியது.

ஆக்சிலேட்டரை மிதித்தால்தான் அங்கே பெட்ரோல் பீச்சும். மிதிக்காமல் பீச்சாது.

மறுபடி. சுருக்.

சுருக்.

பக்கத்தில் ஆக்சிலேட்டர் கம்பி இழுபட்டுத் தளர்ந்து, இழுபட்டுத் தளர்ந்து அசைந்துகொண்டிருந்தது. பானட்டின் ஓரமாகத் தலையை நீட்டி, திறந்திருந்த கதவு வழியாக உள்ளே பார்த்தார். டிரைவர் சீட்டு காலி. கீழே ஆக்சிலேட்டர் பெடல் தரை வரை போய், மேலே வந்து, தரை வரை போய்க்கொண்டிருந்தது. அவசரமாக. பதற்றமாக. உயிர் போகிற அவசரத்தில்.

"அம்மா" என்று கத்த வாயெடுத்தவர், திரும்பிப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

லைப்ரரி அம்மா கதவோரத்தில் சாய்ந்து நின்று மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். உடம்பு அசையவில்லை. வலது பாதம் மட்டும் செருப்போடு சிமென்ட் தரையை அழுத்தி, எழும்பி, அழுத்திக்கொண்டிருந்தது.

பாதம் அழுந்தியபோதெல்லாம் பெடல் இறங்கியது.

"அம்மா… உங்க கால்."

லைப்ரரி அம்மா குனிந்து பார்த்தார். வெட்கப்பட்டவர் போலப் புடவையை இழுத்து மூடினார். "தூக்கத்துலகூட இப்படித்தான். காலையில எழுந்தா கட்டில் விளிம்புல குதிகால் வீங்கிக் கிடக்கும். நிறுத்த முடியலை. எத்தனையோ டாக்டர்கிட்ட காட்டியாச்சு."

புடவைக்குள் அந்தக் கால் மிதித்துக்கொண்டே இருந்தது. காருக்குள் பெடல் இறங்கி ஏறியது. கொளக், என்றது பின் சீட்டு. இப்போது இடைவெளி குறைந்திருந்தது. கொளக். கொளக்.

மோப்பக்காரர் தரையில் உட்கார்ந்துவிட்டார். முப்பத்தைந்து வருடத்தில் அவர் பொய் சொல்லாதவர் இல்லை. நாளைக்குத் தருகிறேன் என்பார், நாலு நாள் இழுப்பார். ஆனால் தன் தப்பைக் கொண்டுபோய் ஒரு மனுஷியின் காலில் கட்டிவிட்டு, அந்தக் கால் பதினொரு வருடம் ஓயாமல் மிதித்ததைப் பார்த்த பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை. சட்டைப் பையிலிருந்து ஊசியை எடுத்தார்.

"நீங்க மிதிச்சதால இல்லைம்மா" என்றார். "முந்தின நாள் இந்த வண்டியைப் பார்த்தது நான்தான். ஊசி அப்பவே தேஞ்சிருந்துச்சு. புதுசு இல்லைன்னு பழசையே தேச்சு வெச்சேன். அவர்கிட்ட சொல்லலை. நீங்க சாவியைத் திருப்பறதுக்கு முன்னாடியே ராத்திரி பூரா ஒழுகி இஞ்சின் மூழ்கியிருக்கும். நீங்க மிதிச்சாலும் கிளம்பியிருக்காது, மிதிக்காட்டாலும் கிளம்பியிருக்காது."

லைப்ரரி அம்மா கத்தவில்லை, அழவில்லை. ஊசியை வாங்கி விரல் நுனியில் தடவிப் பார்த்தார். அரிசியைவிடக் கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான்.

"பதினோரு வருஷமா நான் என் காலைத்தான் சபிச்சுக்கிட்டு இருந்தேன்" என்றார் கடைசியில். "ஒரு நாள் வெட்டிப் போட்டுரலாம்னுகூட அரிவாள்மணையை எடுத்தேன்."

"மன்னிச்சிருங்கம்மா."

"எங்கிட்ட எதுக்கு?" ஊசியை அவர் கையிலேயே திருப்பி வைத்தார். "அவர்கிட்ட சொல்லுங்க."

காரின் பின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

மோப்பக்காரர் எழுந்தார். நோயாளி அறையின் வாசனை முகத்தில் அடித்தது. பின் சீட்டில் யாரும் இல்லை. இடது ஓரத்தில் ரெக்சின் மட்டும் ஆழமாகக் குழிந்திருந்தது. அந்தப் பக்கத்துக் கண்ணாடியில் உள்பக்கமாக ஆவி படிந்தது. மறைந்தது. படிந்தது.

"சார்" என்றார். "நம்பி எடுக்கலாமான்னு கேட்டீங்க. எடுங்கன்னு சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. தப்பு என்னோடதுதான். அவங்களோடது இல்லை."

கண்ணாடியில் ஆவி படிவது நின்றது.

மழைச் சத்தம் தவிர வேறு எதுவும் இல்லை. பிறகு, காதுக்கு ஒரு சாண் தூரத்தில், ஈரமான ஒரு குரல் சொன்னது.

"எடு."

மோப்பக்காரர் திரும்பி லைப்ரரி அம்மாவின் காலைப் பார்த்தார். பாதம் தரையில் அமைதியாக இருந்தது. பெடலும் அசையவில்லை.

பிளக்குகளைத் துடைத்து மாட்டி, பானட்டை மூடினார். ஆக்சிலேட்டரை அடி வரை ஒரே அழுத்தாக அழுத்தி, அப்படியே பிடித்துக்கொண்டு சாவியைத் திருப்பினார். மூழ்கிய இஞ்சினுக்கு அதுதான் மருந்து. விட்டு விட்டு மிதித்தால்தான் பெட்ரோல் பீச்சும். அழுத்திப் பிடித்தால் காற்று உள்ளே போகும். செல்ஃப் நாலு சுற்று சுற்றியது. ஒரு இருமல். கறுப்புப் புகை. பிறகு இஞ்சின், ஒன்றுமே நடக்காதது போல, சீராக ஓடத் தொடங்கியது.

லைப்ரரி அம்மா முன் சீட்டில் ஏறினார். "பின்னாடி இடமில்லை. படுத்துக்கிட்டார்" என்றார்.

ஆஸ்பத்திரி நாலு கிலோமீட்டர். அந்த நாலு கிலோமீட்டரில் மோப்பக்காரர் ஒரு தடவைகூடக் கண்ணாடியில் பின்னால் பார்க்கவில்லை. பள்ளத்தில் சக்கரம் இறங்கியபோதெல்லாம் பின்னாலிருந்து முனகல் வந்தது. லைப்ரரி அம்மா கையைப் பின்பக்கம் நீட்டி, எதையோ பிடித்தபடி வந்தார். "வந்தாச்சுங்க. இதோ வந்தாச்சு" என்று அடிக்கொரு தரம் சொல்லிக்கொண்டே வந்தார். அவர் விரல்கள் வெளுத்துப் போயிருந்தன. யாரோ இறுக்கிப் பிடித்திருப்பது போல.

அவசர சிகிச்சைப் பிரிவின் வாசலில் கார் நின்றது. வழக்கமான பகல் நேரக் கூட்டம். ஒரு வார்டு உதவியாளர் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு மழையில் ஓடிவந்தார். முன் சீட்டில் இருந்த இருவரையும் ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. நேராகப் பின் கதவைத் திறந்தார்.

"மெதுவா இறங்குங்க ஐயா. என் தோளைப் பிடிச்சுக்குங்க. அப்படித்தான்."

மோப்பக்காரர் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி சிலையாக இருந்தார். காரின் பின்பக்கம் மெல்ல மேலே எழும்பி, நேரானது.

"ரொம்ப நேரமா இப்படி இருக்கா?" என்று உதவியாளர் கேட்டார்.

"ரொம்ப நேரமா" என்றார் லைப்ரரி அம்மா.

உதவியாளர் காலி நாற்காலியை, கனமான ஆளைத் தள்ளுகிறவர் போலக் குனிந்து, சரிவில் ஏற்றிக்கொண்டு போனார். கண்ணாடிக் கதவு திறந்து மூடியது. லைப்ரரி அம்மா கூடவே உள்ளே போய், கால் மணி நேரத்தில் திரும்பி வந்தார். காலை இழுக்காமல் நடந்து வந்தார்.

"உள்ள எடுத்துக்கிட்டாங்க" என்றார். "ஆக்ஸிஜன் வெச்சிருக்காங்க. நீங்க போங்கன்னுட்டாங்க."

திரும்பி வந்து வீட்டு வாசலில் இறங்கும்போது லைப்ரரி அம்மா ஒரு கணம் நின்றார். "உங்களை மன்னிச்சேன்னு சொல்ல மாட்டேன்" என்றார். "ஆனா சொன்னீங்களே. அது போதும்." மறுநாள் லாரி வந்து காரைத் தூக்கிப் போனதையும், அன்று மாலையே லைப்ரரி அம்மா தன் மகள் வீட்டுக்குக் கிளம்பிப் போனதையும் டயர் கடைக்காரர் சொல்லித்தான் மோப்பக்காரர் தெரிந்துகொண்டார்.

இரண்டு நாள் காய்ச்சலில் படுத்துவிட்டு, மூன்றாம் நாள் பட்டறைக்குப் போனார். வெயில் நன்றாக அடித்தது. அன்றைக்குத் தொட்ட வேலையெல்லாம் சரியாக வந்தது. மத்தியானம் கை கழுவிக்கொண்டிருந்தபோது செல்ஃபோன் அடித்தது.

"ஆஸ்பத்திரியில இருந்து பேசறேன் சார், ஆண்கள் வார்டு." சுறுசுறுப்பான பெண் குரல். "உங்க பேஷன்ட் இப்ப நல்லா இருக்கார். காலையிலேயே டிஸ்சார்ஜ் எழுதியாச்சு. எப்ப வந்து கூட்டிட்டுப் போறீங்க?"

"எந்த பேஷன்ட்?"

"என்ன சார் இப்படிக் கேக்கறீங்க? பச்சைக் கார்ல கொண்டு வந்து விட்டீங்களே."

மோப்பக்காரர் கையிலிருந்து தண்ணீர் சொட்டியது. "அவங்க வீட்டம்மாவைக் கூப்பிடுங்க."

"அந்த நம்பருக்குத்தான் முதல்ல அடிச்சோம். உபயோகத்துல இல்லையாம். வீட்டையே இடிச்சுட்டாங்கன்னு அவரே சொல்றார். போறதுக்கு வேற இடம் இல்லையாம் சார், பாவம். நீங்க இருக்கீங்கன்னு சொல்லி, உங்க நம்பரைப் பார்க்காமலே சொல்றார்."

"நான் இல்லைன்னு சொல்லுங்க."

"நீங்களே சொல்லிக்குங்க சார். சட்டையெல்லாம் மாத்திக்கிட்டு, கிளம்பி ரெடியா இங்கதான் நிக்கறார்."

அவர் வேண்டாம் என்று சொல்வதற்குள், அந்தப் பக்கம் ரிசீவர் கை மாறும் சத்தம் கேட்டது.